உபுண்டுவில் ஓடிய பில்ட் ரெட்ஹேட்டில் ஏன் படுத்துக்கொள்கிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் மென்பொருள் குழுவுக்கு வருடா வருடம் கோவை, சேலம், திருச்சியிலிருந்து புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் நாங்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில்தான் அவர்களும் வந்து விழுகிறார்கள். பேக்கப் எடு, ரிலீஸ் குறிப்பைப் படி என்பதையெல்லாம் இங்கே விட்டுவிட்டு, பல ஓஎஸ்களில் (இயங்குதளங்களில்) ஓட வேண்டிய ப்ரோகிராமுக்குச் செய்யக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

புது மெஷினில் பில்ட் போட்டுப் பழைய சர்வருக்கு அனுப்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மும்பையில் இருந்த வாடிக்கையாளரின் சர்வர் ரெட்ஹேட் 8 என்ற லினக்ஸ். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி பில்ட் போட்டதோ (எழுதிய கோடை ஓடும் ஃபைலாக மாற்றியதோ) தன் லேப்டாப்பில் இருந்த உபுண்டு 22.04 என்ற இன்னொரு லினக்ஸில். அங்கே நிறுவியதும், ஜிலிப்சி (இந்த லினக்ஸ்களில் ப்ரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்; இதன் முக்கிய ஃபைல்தான் லிப்சி) 2.34 இல்லை என்று ப்ரோகிராம் எழவே மறுத்துவிட்டது.

“அண்ணா, புது ஃபங்ஷன் எதையுமே நான் கூப்பிடலையே!”

உண்மைதான். வெறும் ‘ஹலோ வேர்ல்ட்’ எழுதியிருந்தாலும் இதே கதிதான். 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34-இல் த்ரெட் நூலகம் முக்கிய லிப்சிக்குள்ளேயே சேர்ந்தது. ப்ரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் புதுப் பதிப்பு முத்திரை (எந்த ஜிலிப்சி பதிப்பைச் சேர்ந்தது என்ற அடையாளம்) விழுந்தது. பில்ட் போடும் மெஷினில் எது நடப்பு முத்திரையோ, லிங்கர் (ப்ரோகிராமை நூலகங்களோடு இணைக்கும் கருவி) அதைத்தான் பிடித்துக்கொள்ளும். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35; ரெட்ஹேட் 8-இல் 2.28. பழைய சிஸ்டத்தில் கட்டிய பைனரி (ஓடும் ஃபைல்) புது சிஸ்டத்தில் ஓடும், தலைகீழாக ஓடாது.

அதோடு விட்டானா? தன் லேப்டாப்பின் லிப்சியையே காப்பி செய்து அனுப்பி, நூலகப் பாதையை அதன் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டான். லிப்சியும், ப்ரோகிராமை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். அது பிசகியதும் அந்த ஷெல்லில் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்கூட ஓடவில்லை. போனில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

சரி, என்ன செய்வது? நீங்கள் ஆதரிக்கும் ஓஎஸ்களில் ஆகப் பழையது எதுவோ, அதில் பில்ட் போடுங்கள். ரெட்ஹேட் 8 என்றால், அதற்கு இணையான அல்மாலினக்ஸ் 8 கன்டெய்னர் (உங்கள் மெஷினுக்குள்ளேயே தனியாக ஓடும் சூழல்) போதும். கம்பைலரும் பழசாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். ஜிசிசி டூல்செட் என்ற தொகுப்பு மூலம் ஜிசிசி கம்பைலரின் புதுப் பதிப்பை அதிலேயே நிறுவலாம். சி++ நூலகத்தின் புதுப் பகுதிகளை அது பைனரிக்குள்ளேயே வைத்துவிடும். அப்புறம், அனுப்பும் முன் ஆப்ஜ்டம்ப் என்ற கருவியை ஓட்டி, பைனரி கேட்கும் ஜிலிப்சி முத்திரைகளில் ஆகப் பெரியது எது என்று பாருங்கள். எங்கள் சிஐயில் (தானாக பில்ட் போட்டுச் சோதிக்கும் அமைப்பில்) 2.28-ஐத் தாண்டினால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். பைத்தான்காரர்கள் இந்த எண்ணை வீல் என்ற தொகுப்பு ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள், நல்ல பழக்கம்.

ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக லிங்க் செய்வது

அதாவது, ஜிலிப்சியை பைனரிக்குள்ளேயே அடைத்து அனுப்புவது. ஹோஸ்ட் பெயரைத் தேடும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்; அதற்கு ஓடும் மெஷினின் ஜிலிப்சி அப்போதும் வேண்டும்.

ஓஎஸ் பதிப்பைக் கேட்டு முடிவெடுப்பது

ஓஎஸ் எப்போதும் உண்மையைச் சொல்லாது. மேனிஃபெஸ்டில் (ப்ரோகிராமோடு வரும் விவரக் குறிப்பில்) ஆதரவைக் குறிப்பிடாத ப்ரோகிராமிடம், விண்டோஸ் 8.1-உம் அதற்குப் பிந்தியவையும் தங்களை 6.2, அதாவது விண்டோஸ் 8, என்றே சொல்லிக்கொள்ளும். பழைய எஸ்டிகேயில் (ப்ரோகிராம் கட்டும் கருவித் தொகுப்பில்) கட்டியவற்றிடம் மேக்ஓஎஸ் 11 தன்னை 10.16 என்றது. உங்களுக்கு வேண்டிய ஃபங்ஷன் இருக்கிறதா என்று நேரடியாகப் பாருங்கள்.

கன்டெய்னரில் போட்டால் எங்கும் ஓடும் என்பது

கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கன்டெய்னரை ஓட்டும் ஹோஸ்ட் மெஷினுடையது. டிரைவர் தருகிறவர்களுக்கு இது உதவாது.

ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ 1.1 என்று சிம்லிங்க் போட்டு ஏமாற்றுவது

ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு குறியாக்க நூலகம். பழைய பதிப்பின் பெயரில் குறுக்குவழி (சிம்லிங்க்) வைத்துப் புதுப் பதிப்பைக் காட்டுவதைச் செய்யாதீர்கள்.