பீட்டில் காரின் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா? வெந்நீரில் போட்டுப் பார்த்துவிடலாம்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் கிடையாது. அதனால் தெர்மோஸ்டாட்டும் இருக்காது என்று வண்டி வைத்திருப்பவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. எஞ்சினின் வலப்பக்கம், 1, 2ஆம் சிலிண்டர்களுக்கு நேர் அடியில், ஒரு தகட்டுக்கு மேலே ஒளிந்துகொண்டிருக்கிறது. அது கெட்டுப்போனாலும் வண்டி ஓடும். அதனால்தான் யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை.

சோதிப்பதற்கு முன் அது செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கும் விசிறி, பெல்ட்டோடு எப்போதும் சுழல்கிறது. அந்தக் காற்று சிலிண்டர்களுக்குப் போகலாமா, வேண்டாமா என்று முடிவுசெய்பவை, விசிறி உறையின் அடிப்பகுதியில் இருக்கும் மடக்குத் தகடுகள். தெர்மோஸ்டாட் என்பது ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் சிறிய உலோகக் கூடு. உள்ளே காற்றை நீக்கி, எளிதில் ஆவியாகும் திரவம் கொஞ்சம் விட்டு அடைத்திருப்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது துருத்தி சுருங்கி, ஒரு கம்பியைக் கீழே இழுத்துத் தகடுகளை மூடிவைக்கிறது. சூடேறினால் நீள்கிறது. கம்பி மேலே போகிறது, தகடுகள் திறக்கின்றன. ஒரு ஸ்பிரிங்கும் திறக்கும் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கிறது.

துருத்தியில் ஓட்டை விழுந்தால் உள்ளே காற்று புகுந்து, அது முழு நீளத்துக்கு நிமிர்ந்துவிடும். தகடுகள் நிரந்தரமாகத் திறந்துகொள்ளும். கெட்டாலும் எஞ்சின் வெந்துபோகக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சின் சூடேற நேரமாகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுகிறது. எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்குகிறது. ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். வெயில் நாடுகளில் பல மெக்கானிக்குகள் “இங்கே இது எதற்கு” என்று துருத்தியையே கழற்றிப் போட்டுவிடுவது உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சின் எந்த நாட்டிலும் குளிர்ந்த எஞ்சின்தான். அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை.

கீழே உள்ளவை உறைக்குள் மடக்குத் தகடுகள் கொண்ட எஞ்சின்களுக்கானவை. 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் தகடுகளுக்குப் பதிலாக, விசிறி காற்றை இழுக்கும் வாயில் ஒரு வளையம் இருக்கும். அவற்றுக்கு வெந்நீர்ச் சோதனை பொருந்தும், படி 6இல் வரும் பொருத்தும் அளவு பொருந்தாது.

படி 1: எஞ்சினை ஆறவிடுங்கள். இரவு முழுக்க நிறுத்திவைத்த வண்டியாக இருக்கட்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டுகளில் உட்காரவையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள வட்டமான எண்ணெய் வடிகட்டி மூடியில் ஜாக்கை வைக்கவும் கூடாது.

படி 2: கழற்றாமலே ஒரு பார்வை. வலப்பக்க அடித்தகட்டின் திருகுகளை அவிழ்த்துத் தகட்டை எடுங்கள். ஒரு இரும்புச் சட்டத்துக்குள் துருத்தி தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது. ஆகவே துருத்தியின் மேல்முனைக்கும் சட்டத்தின் மேல்பகுதிக்கும் நடுவில் தெளிவான இடைவெளி இருக்க வேண்டும். இப்போதே மேலே முட்டிக்கொண்டு நின்றால் துருத்தி பெரும்பாலும் செத்துவிட்டது. சட்டம் காலியாக இருந்தால், உங்களுக்கு முன்பு வண்டி வைத்திருந்தவர் கழற்றிப் போட்டுவிட்டார் என்று பொருள்.

படி 3: அடி போல்ட்டைக் கழற்றுங்கள். நல்ல துருத்தியாக இருந்தால் போல்ட் விடுபட்டதும் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக்கொள்ளும். மேலே போகிறதா என்று கவனியுங்கள், செலவில்லாத சோதனை இது. போகவில்லை என்றால் கையால் மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உரசலாக, கரகரவென்று நகர்ந்தாலோ நகரவே மறுத்தாலோ கோளாறு தகடுகளில் அல்லது கம்பியில் இருக்கிறது. மூடிய நிலையில் துருப்பிடித்து இறுகிய தகடுதான் உண்மையில் எஞ்சினைக் கொல்லும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

படி 4: துருத்தியைப் பிரியுங்கள். கம்பியைக் குறடால் பிடித்துக்கொண்டு, துருத்தியை மரையிலிருந்து சுற்றிக் கழற்றுங்கள். பிடிமானம் முனையிலுள்ள கெட்டிப் பகுதியில் இருக்கட்டும். மடிப்புகளைப் பிடித்து முறுக்கினால் நல்ல துருத்தியும் கெடும்.

படி 5: வெந்நீர். ஒரு பாத்திரம், சமையலறைத் தெர்மோமீட்டர், வெர்னியர் அளவுகோல் போதும். முதலில் குளிர்ந்த நிலையில் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். பிறகு துருத்தியை ஒரு கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீரில் தொங்கவிடுங்கள். அடி எப்போதும் நீரைவிடச் சூடு. தொட்டால் கணக்குத் தப்பும். தெர்மோமீட்டரின் முனையும் துருத்தியின் உயரத்திலேயே இருக்கட்டும். தீயைச் சிறிதாக வைத்து, நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள்.

மடிப்புகள் ஒவ்வொன்றாக விலகுவது கண்ணுக்கே தெரியும். வழக்கமான துருத்தி 65 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் குறைந்தது 46 மில்லிமீட்டர் நீளத்தை எட்ட வேண்டும். துருத்தியின் மேலேயே வெப்பநிலை பொறித்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து ஆறவிட்டால் முதலில் அளந்த நீளத்துக்குத் திரும்ப வேண்டும். நீரில் குமிழிகள் வரிசையாக மடிப்பிலிருந்து கிளம்பினால் ஓட்டை இருக்கிறது. பற்றவைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். உள்ளே இருந்த வெற்றிடம் போனது போனதுதான்.

படி 6: திரும்பப் பொருத்துங்கள். துருத்தியைக் கம்பியில் முழுமையாகத் திருகுங்கள். சட்டத்தைப் பிடித்திருக்கும் 13 மில்லிமீட்டர் நட்டைத் தளர்த்திக்கொண்டு, துருத்தியை மேலே தள்ளித் தகடுகளை முழுக்கத் திறந்து பிடியுங்கள். சட்டத்தின் மேல்பகுதி துருத்தியின் மேல்முனையைத் தொடும் இடத்தில் நட்டை இறுக்குங்கள். அதன் பிறகு துருத்தியைக் கீழே இழுத்து அடி போல்ட்டைப் போட வேண்டும். ஸ்பிரிங் எதிர்த்து இழுக்கும், கொஞ்சம் பொறுமை தேவை.

அடித்தகட்டையும் மறக்காமல் மாட்டுங்கள். சிலிண்டர்களைத் தாண்டிவரும் சூடான காற்று போகவேண்டிய வழியைக் காட்டுவது அந்தத் தகடு. அது இல்லாமல் ஓடும் பீட்டிலில் தெர்மோஸ்டாட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் கணக்கு சரியாக வராது.