கண்ணுக்கு ஒரே பெயர், டேபிளுக்கு இரண்டு

நாள் கணக்கில் அலைக்கழித்த டூப்ளிகேட் ஒருவழியாக ஒழிந்தது. போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) டேபிளில் ஒரே ஆள், 'கோபால்', இரண்டு வரிசைகளில் இருக்கிறார். ஒரே பெயர்களைச் சேர்த்து எண்ண குரூப் பை போட்டால் தனித்தனியாக எண்ணுகிறது. ஓரத்து வெற்றிடத்தை நீக்க ட்ரிம் போட்டேன், அசையவில்லை. இன்டெக்ஸை (தேடலுக்கான அட்டவணை) திரும்பக் கட்டினேன், அதுவும் வீண்.

அப்புறம் பெயரில் எத்தனை குறியீடுகள் என்று லெங்த் போட்டுப் பார்த்தால் ஒன்றில் 6, மற்றதில் 7! எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது.

நார்மலைஸ் ஃபங்ஷன் (பதிப்பு 13 முதல் உண்டு) வைத்து எல்லாப் பெயரையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவுக்கு மாற்றினேன். பெயர், பிறந்த தேதி வாரியாக ரோ நம்பர் (ஒரே ஆளின் வரிசைகளுக்கு 1, 2 என எண்) கொடுத்து, சைல்ட் டேபிளில் (இந்த வரிசைகளை ஐடி மூலம் சுட்டும் டேபிள்) பழைய ஐடிகளைத் திருத்திய பிறகு, 1-க்கு மேல் எண் வாங்கியவற்றை டெலீட் செய்தேன். யூனிக் இன்டெக்ஸை (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) நார்மலைஸ் செய்யாத பெயர் மேல் போடாதீர்கள், டூப்ளிகேட் மறுபடி நுழைந்துவிடும். நார்மலைஸ் செய்த பெயர், பிறந்த தேதி இரண்டும் சேர்ந்ததன் மேல் போடுங்கள்.