மடிக்கணினித் திரைக்கு எத்தனை பிக்சல் போதும்?

"இவ்வளவு சிறிய திரைக்கு எச்.டி. எதற்கு?" என்ற கேள்வி, மடிக்கணினியில் படம் பார்ப்பவர்கள் வீட்டில் ஒருமுறையாவது எழுந்திருக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை மறந்துவிடுவதால் விடை தவறிப்போகிறது. கூடத்தில் உள்ள 43 அங்குலத் தொலைக்காட்சியை எட்டடி தள்ளி சோபாவில் அமர்ந்து பார்க்கிறீர்கள் என்றால், அதன் 95 செ.மீ. அகலம் உங்கள் பார்வையில் ஏறத்தாழ 22 பாகைக் கோணத்தையே அடைக்கிறது. 15.6 அங்குல மடிக்கணினியை மேசைமேல் வைத்து 60 செ.மீ. தூரத்தில் பார்க்கும்போது, அதன் 34.5 செ.மீ. அகலம் 32 பாகையை அடைத்துக்கொள்கிறது. கண்ணைப் பொறுத்தவரை இந்த இரண்டில் பெரிய திரை மடிக்கணினிதான்.

ஆகவே முதல் வேலை இஞ்ச் டேப்பை எடுப்பது. வழக்கமாக எப்படி உட்கார்ந்து படம் பார்ப்பீர்களோ அப்படியே உட்கார்ந்துகொண்டு, கண்ணிலிருந்து திரையின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அளந்துவிட்டுப் பிறகு சாய்ந்துகொண்டு பார்ப்பதில் பயனில்லை. மேசையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு 55 முதல் 65 செ.மீ. வரை வரும்; டீப்பாயில் வைத்துவிட்டு இருவர் சேர்ந்து பார்த்தால் ஒரு மீட்டரைத் தொடும்.

அடுத்து, திரையின் அகலத்தைச் செ.மீ.-இல் அளந்து, அதைத் திரையின் கிடைமட்டப் பிக்சல் எண்ணிக்கையால் (1920 × 1080 என்றால் 1920-ஆல்) வகுத்து, 3440-ஆல் பெருக்குங்கள். 6/6 பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்ற அளவுகோலிலிருந்து வருவதே இந்த 3440. கிடைக்கும் விடைதான், அந்தத் திரையின் ஒவ்வொரு பிக்சலும் உங்களுக்குப் பயன்படக்கூடிய எல்லைத் தூரம். அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நெருங்கி உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கும்.

15.6 அங்குல ஃபுல் எச்.டி. திரைக்கு, அதாவது 1920 × 1080 பிக்சல் திரைக்கு, இந்தக் கணக்கு 62 செ.மீ. என்று வருகிறது. யாரோ திட்டமிட்டுச் செய்ததுபோல, மேசையில் வைத்துப் பார்க்கும் தூரத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. அதே அளவுள்ள 1366 × 768 திரைக்கு விடை 87 செ.மீ.; எனவே பழைய மடிக்கணினிகளில் மேசைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது எழுத்துகளின் ஓரம் பல்பல்லாகத் தெரிவது நம் கண்ணின் குறையல்ல. 4கே (3840 × 2160) திரைக்கு வரும் விடை 31 செ.மீ. அது நகை மதிப்பீட்டாளர் கல்லைப் பார்க்கும் தூரம்; இரண்டரை மணி நேரப் படத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. 6/6-ஐவிடக் கூர்மையான பார்வை உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இவற்றைக் கறாரான கோடுகளாகக் கொள்ள வேண்டாம். எனினும், படம் பார்ப்பதை மட்டும் மனத்தில் வைத்து 15 அங்குல மடிக்கணினியில் 4கே திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்றே நான் நினைக்கிறேன். எழுத்து வேலையும் படத்தொகுப்பும் செய்பவர்களின் தேவை வேறு.

திரை 1366 × 768-தான் என்றால் 720பி-யிலேயே (1280 × 720) பார்த்துவிடலாமே என்று தோன்றும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரைப்படங்கள் நமக்கு வந்துசேரும் வடிவத்தில், ஒளியின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகிறது. நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பதிவாகிறது. எனவே 1080பி, அதாவது ஃபுல் எச்.டி. படத்தில் நிறத்தின் உண்மையான நுணுக்கம் 960 × 540 மட்டுமே; 720பி படத்திலோ அது 640 × 360 ஆகச் சுருங்கிவிடுகிறது. சிவப்புச் சேலையின் சரிகை ஓரம், இரவுத் தெருவின் நியான் பலகை போன்ற இடங்களில் நிறம் கோட்டைத் தாண்டி வழிவதுபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 1080பி படத்தைச் சிறிய திரைக்குச் சுருக்கிக் காட்டும்போது பிக்சல்களில் ஏறத்தாழப் பாதி கழிந்துபோனாலும் நிறத்தில் ஆதாயம் மிஞ்சுகிறது. திரையைவிட ஒரு படி மேலான படத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளுண்டு. இரண்டு படி மேலே போவதில் பொருளில்லை.

அகலத்திரைப் படங்களில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். 2.39-க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்ட படம், ஃபுல் எச்.டி. திரையில் மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு, 803 வரிகளில்தான் தெரிகிறது. 1366 அகலத் திரையில் அது 571 வரியாகிவிடும். டிவிடி காலத்து 576 வரியைவிடக் குறைவு.

இத்தனை சொன்ன பிறகும், பிக்சல் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிட்ரேட், அதாவது ஒரு நொடிக் காட்சிக்கு எவ்வளவு தரவு செலவிடப்படுகிறது என்பது. ப்ளூரே வட்டில் காட்சிக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. 1080பி-க்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 5 மெகாபிட்டும், 4கே-க்கு 15 மெகாபிட்டும் ஆகும். இரண்டரை மணி நேரப் படத்தை 5 மெகாபிட் வேகத்தில் முழுமையாகப் பார்த்தால் 5.6 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தின் ஹாட்ஸ்பாட்டில் இது நடக்காத காரியம். அதே படம் தரவைச் சேமிக்கும் அமைப்பில் 1.5 ஜிபிக்குள் இறங்கியிருந்தால், நொடிக்குக் கிடைத்தது 1.3 மெகாபிட் மட்டுமே. மேலே 1080பி என்று எழுதியிருந்தாலும் மழைக் காட்சியும் புகை மூட்டமும் வந்தவுடன் படம் சதுரம் சதுரமாக உடையும். இவ்வளவுதான் தரவு இருக்கிறது என்றால் 720பி-யைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் பிட்டுகள் குறைவான பிக்சல்களுக்குப் பங்கிடப்படுவதால் படம் மென்மையாக இருந்தாலும் சுத்தமாக இருக்கும்.

உண்மையில் என்ன ஓடுகிறது என்பதைச் சோதிக்க வழியுண்டு. வி.எல்.சி.-யில் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஜே விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கோடெக்கின் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறையின்) பெயரும் பிக்சல் அளவும் தெரியும். பக்கத்துத் தாவலில் தவறவிடப்பட்ட ஃபிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கையும் இருக்கும். யூடியூபில் படத்தின்மேல் வலது சொடுக்கு செய்து, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே விவரங்கள் கிடைக்கும். கட்டணத் தளங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உள்ளடக்கப் பாதுகாப்பு முறை உலாவிக்கு உலாவி வேறுபடுவதால், ஒரே சந்தா ஒரு உலாவியில் உயர்ந்த தரத்திலும் இன்னொன்றில் குறைந்த தரத்திலும் ஓடும். நெட்ஃபிளிக்ஸின் 4கே, விண்டோஸ் கணினியில் எட்ஜ் உலாவி போன்ற குறிப்பிட்ட வழிகளில்தான் வரும், அதற்கும் ஹெச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்கும் திரை வேண்டும். சந்தாவை உயர்த்துமுன் உலாவியை மாற்றிப் பாருங்கள்.

படம் திக்கித் திக்கி ஓடினால் பெரும்பாலோர் ரேமைக் குறை சொல்கிறார்கள். என்னிடம் முன்பு இருந்த மடிக்கணினியில் 1080பி படங்கள் எல்லாம் வெண்ணெயாக ஓடும். ஒரு நாள் அதே 1080பி அளவில், கோப்பின் எடையும் குறைவாக இருந்த ஒரு படத்தைப் போட்டதும், பத்தாவது நிமிடத்தில் விசிறி மிக்சியைப் போல இரைந்தது. உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்தபோது கணினியின் மூளையான சிபியு 90 சதவீதத்துக்கு மேல் நின்றது. காட்சிகளைக் கையாளும் ஜிபியு பகுதியில் 'வீடியோ டிகோட்' என்ற சிறு கட்டமோ அசைவே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. அந்தப் படம் 10 பிட் எச்.இ.வி.சி. என்ற கோடெக்கில் சுருக்கப்பட்டது; அதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் அந்தக் கணினியில் இல்லாததால் முழுச் சுமையும் சிபியுவின் தலையில் விழுந்திருந்தது.

எனவே பழைய கணினி வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது சிபியுவின் தலைமுறையை. 2003-இல் வந்த எச்.264 கோடெக்கை இன்று புழக்கத்தில் உள்ள எந்தக் கணினியும் வன்பொருளிலேயே பிரித்துவிடும். எச்.இ.வி.சி. 10 பிட்டுக்கும் வி.பி.9-க்கும் இன்டெல்லில் 7-ஆம் தலைமுறையாவது வேண்டும்; 2018-இல் வந்த ஏ.வி.1-க்கு 11-ஆம் தலைமுறை. ஆப்பிள் சில்லுகளில் ஏ.வி.1-ஐ வன்பொருளில் பிரிக்கும் வசதி எம்3-இலிருந்துதான் வந்தது. பழைய கணினியே போதும் என்பவர்கள் எச்.264 படங்களைத் தேடிப் பிடித்தால் தலைவலி இல்லை.

இது பேட்டரியையும் தொடுகிறது. 45 வாட்-மணி பேட்டரியில் கணினி 9 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம், அதாவது இரண்டு படம் ஓடும். சிபியுவே பாடுபட்டு 20 வாட் இழுத்தால் இரண்டேகால் மணி நேரத்தில், கிளைமாக்ஸுக்குச் சற்று முன்னால், திரை அணைந்துவிடும். இரயில் பயணத்துக்குப் படம் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் புறப்படுமுன் வீட்டில் பத்து நிமிடம் ஓட்டி, 'வீடியோ டிகோட்' கட்டம் அசைகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த, இருண்ட காட்சிகளில் திரையின் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும் ஓர் அமைப்பு விண்டோஸ் 11-இன் டிஸ்ப்ளே பக்கத்தில், பிரைட்னஸுக்குக் கீழே இருக்கும். படம் பார்க்கும் நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் இரவுக் காட்சி முழுவதும் யாரோ விளக்கைத் தூண்டித் தூண்டி அணைப்பதுபோல இருக்கும்.

திரையின் தரத்தைப் பற்றிக் கடையில் யாரும் சொல்லித்தருவதில்லை. மலிவான மடிக்கணினிகளில் வரும் டி.என். திரையை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் கருப்பு சாம்பலாகவும், முகங்கள் நெகட்டிவ் போலவும் மாறும். அதில் 1080பி என்ன, 8கே ஓட்டினாலும் படம் தேறாது. ஐ.பி.எஸ். திரை அந்தக் குறையைத் தீர்க்கும். இருட்டறையில் கருப்பு கருப்பாகவே தெரிய வேண்டும் என்றால் ஓ.எல்.இ.டி.-தான். விளம்பரத்தில் எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வீச்சைக் காட்டும் முறை) என்று போட்டிருந்தால் திரையின் ஒளிர்வு எத்தனை நிட் (ஒளிர்வின் அலகு) என்று கேளுங்கள். எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1000 நிட் அளவை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 250 அல்லது 300 நிட் திரை அந்தச் சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும், ஆனால் காட்டாது. கையில் உள்ள பணத்தில் 4கே திரையா, நல்ல 1080பி ஓ.எல்.இ.டி. திரையா என்ற நிலை வந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன்.

வட்டுகளைப் பற்றி ஒரு சொல் போதும். 2006-இல் தோஷிபா எச்.டி. டிவிடியோடும், சோனி அதன் போட்டி வட்டான ப்ளூரேயோடும் 17 அங்குல மடிக்கணினிகளைக் கொண்டுவந்தபோதே இந்தச் சிறிய திரைக்கேள்வி எழுந்துவிட்டது; 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்.டி. டிவிடியையே கைவிட்டது. சாதாரண ப்ளூரே வட்டுகளை யு.எஸ்.பி. டிரைவ் வாங்கி, அதற்கான மென்பொருளோடு இன்றும் பார்க்கலாம். 4கே ப்ளூரேயை மட்டும் மறந்துவிடலாம். அதன் பாதுகாப்பு முறைக்குத் தேவையான எஸ்.ஜி.எக்ஸ். என்ற சிபியு பாதுகாப்பு வசதியை 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் எடுத்துவிட்டது.

கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் மெல்லிய அதிர்வு தெரிந்தால் கணினி பழுது என்று எண்ண வேண்டாம். படம் நொடிக்கு 24 ஃபிரேம், திரையோ 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24 மீதமின்றி வகுக்காததால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகின்றன. திரை அமைப்பில் 120 ஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றுங்கள்; சில கணினிகளில் 48 ஹெர்ட்ஸும் இருக்கும். இரண்டும் 24-இன் மடங்குகள் என்பதால் அதிர்வு போய்விடும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஒலி. ஆறு ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அதை மடிக்கணினியின் அடியில் உள்ள இரண்டு சிறு ஸ்பீக்கர்களுக்குள் அடைக்கும்போது பின்னணி இசை முன்னே வந்து வசனம் அமுங்கிவிடுகிறது. ஒலித்தடப் பட்டியலில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அண்மையில் நண்பர் ஒருவர் தம் கணினியில் படம் "மங்கலாக இருக்கிறது, முகபாவமே தெரியவில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தேன்: ஃபுல் எச்.டி. திரை, நல்ல பிட்ரேட், டிகோட் கட்டமும் ஒழுங்காக அசைந்துகொண்டிருந்தது. திரையைத் துடைத்துவிட்டு, 5.1 தடத்தை ஸ்டீரியோவுக்கு மாற்றி, அவருடைய பழைய வயர் ஹெட்போனை மாட்டிவிட்டு அதே காட்சியைத் திரும்ப ஓட்டினேன். "இப்போது தெளிவாக இருக்கிறதே, என்ன செட்டிங் மாற்றினாய்?" என்றார்.