பெட்டகத்தைத் திறக்க முன்: முதுசப் பொருள் பங்கிடும்போது வன்னிக் குடும்பங்கள் விடும் பிழைகள்

செத்தவீட்டில் ஒன்றாக நின்று அழுத சகோதரங்கள், அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு சோடிக் காப்புக்காக முகம் பாராமல் போவது வன்னியில் புதிதில்லை. பொன்னாசை பிடித்துச் சண்டைக்கு வருபவர்கள் குறைவு. எந்தப் பொருள் எந்த வழியால் வீட்டுக்கு வந்தது என்று ஒருவரும் எழுதி வைக்காததால்தான் பிரச்சினை பெரும்பாலும் முளைக்கிறது. சட்டமும் முதலில் பார்ப்பது பொருள் வந்த வழியைத்தான்.

வந்த வழி பாராமல் "எல்லாம் அம்மாவின் சொத்து" என்று ஒன்றாகக் குவிப்பது

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த வழமை அது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947இன் திருத்தமும் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தன. பெயரில் யாழ்ப்பாணம் இருப்பதால் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இது செல்லாது என்று நினைக்கவேண்டாம்.

தாய் தகப்பன், பாட்டன் பாட்டி வழியாக இறங்கியது முதுசம். சகோதரம், மாமன், சித்தி போன்ற பக்க உறவிலிருந்து இறங்கியது உரிமை. கலியாணத்துக்குப் பெண்ணோடு கொடுத்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடியதேட்டம். தேடியதேட்டத்தில் இறந்தவருக்குரிய பங்கை அவர் உயில் எழுதி ஒதுக்காவிட்டால், அதில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மற்றப் பாதி வாரிசுகளுக்கும் போகும். முதுசம் பிள்ளைகளுக்கு இறங்கும். ஆகவே அம்மம்மா கொடுத்த அட்டியலும் ஐயா வெங்காயம் விற்ற காசில் வாங்கிய சங்கிலியும் ஒரே பெட்டியில் கிடந்தாலும் ஒரே கணக்கில் சேராது.

மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை தானாகப் பொருந்திவிடாது. அவர்களும், சீதனம் வாங்கிய மகளுக்கு மேலும் பங்குண்டா என்று தடுமாறுபவர்களும் உறுதிப் பத்திரத்தைக் கையில் கொண்டுபோய்ச் சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே பேசத் தொடங்க வேண்டும்.

உடம்பிலிருந்து கழற்றும் நகையை எண்ணாமல் விடுவது

ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ தோட்டையும் காப்பையும் யாராவது அவசரத்தில் கழற்றி மடியில் முடிந்துகொள்வார்கள். நல்ல மனதோடுதான். ஒரு மாதம் போனபின் "மூக்குத்தி எங்கே?" என்ற கேள்வி வரும்போது அந்த நல்ல மனதுக்குச் சாட்சி இராது. கழற்றும்போதே இரண்டு பேர் நில்லுங்கள். ஒருவர் மகள் என்றால் மற்றவர் மருமகளாகவோ பெறாமகளாகவோ இருக்கட்டும். ஒரு கடதாசி உறையில் போட்டு, எத்தனை உருப்படி என்று வெளியில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து ஒட்டிவிடுங்கள். கைபேசியில் ஒரு படம். அந்தியேட்டிவரை அந்த உறையை ஒருவரும் திறக்கவேண்டாம்.

விவரம் இல்லாத பட்டியல்

"சங்கிலி 2, காப்பு 4, குத்துவிளக்கு 1" என்று எழுதுவது பட்டியல் ஆகாது. எந்தச் சங்கிலி என்ற சண்டைக்கே அது வழிவிடும். ஒரு வரி இப்படி இருக்கவேண்டும்: "அட்டியல் 1. சிவப்புக் கல் பதித்தது, இடப்பக்கம் ஒரு கல் விழுந்துள்ளது. கல்லும் அரக்குமாக 26.4 கிராம். அம்மம்மா கொடுத்தது. 1974 சீதன உறுதியில் உண்டு. இப்போது மூத்த அக்காவிடம்."

சீதன உறுதி எரிந்துபோனது, இடப்பெயர்வில் தொலைந்தது என்று கையை விரிப்பவர்கள் அதிகம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ ஆண்டு என்பவற்றில் ஏதாவது தெரிந்தால் அங்கே தேடிச் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். பழைய சீதன உறுதிகள் பலவற்றில் காணியோடு நகையும் பெறுமதியும் எழுதப்பட்டிருக்கும். கலியாணப் படத்தில் கழுத்தில் தெரியும் நகையும் ஒரு சான்றுதான்.

அடைவுச் சீட்டுகளை மறக்காதீர்கள். இறந்தவர் பெயரில் வங்கியில் நகை அடைவில் இருக்க, பிள்ளைகள் பங்கு பேசிக்கொண்டே தவணையைத் தவறவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். மரணச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் வட்டியைக் கட்டித் தவணையை நீட்டிக்க முடியுமா என்று உடனே கேளுங்கள். கட்டிய வட்டியைப் பொதுச் செலவில் எழுதுங்கள்.

பழைய நகையை நிறைக்கு நிறை பிரிப்பது

ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். இந்தக் கணக்கை வைத்து மொத்த நிறையை மூன்றாகப் பிரித்தால் சரிவரும் என்று நம்புவதுதான் நாம் அதிகம் காணும் பிழை. பழைய அட்டியலையும் பதக்கத்தையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கல்லின் அடியில் அரக்கு நிரப்பியிருக்கும். தராசில் அதுவும் தங்கமாக ஏறும். பழைய பற்றுவைப்பு உள்ள இடங்களில் தங்கத்தின் மாற்றும் (தூய்மையும்) குறையும். அதனால் ஒரே நிறையுள்ள வளையலும் அட்டியலும் ஒரே பெறுமதி ஆகாது. உருக்கினால் அட்டியல் எடுத்தவர் ஏமாந்துபோவார். உருக்காமல் வைத்தால் அந்த வேலைப்பாட்டை இன்று செய்விக்கக் கேட்கும் கூலியைப் பார்த்து மற்றவர்கள் பொருமுவார்கள்.

குடும்பத்துக்கு உறவில்லாத இரண்டு நகைத் தொழிலாளரிடம், எல்லோரும் கூடிப்போய், ஒரே நாளில் விலை கேளுங்கள். நாளுக்கு நாள் பவுண் விலை மாறுவதால் வேறு வேறு நாள் கேட்ட விலையை ஒப்பிட முடியாது. பிறகு பொருளை முழுசாக ஒருவருக்குக் கொடுத்துக் காசால் சரிக்கட்டுங்கள். அட்டியல் 9 இலட்சம், சோடிக் காப்பு 6 இலட்சம், சங்கிலி 3 இலட்சம், மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 6 இலட்சம். அட்டியல் எடுத்தவர் சங்கிலி எடுத்தவருக்கு 3 இலட்சம் கொடுக்கவேண்டும், காப்பு எடுத்தவருக்குக் கணக்குச் சரி. காசு கைமாறிய பிறகுதான் அட்டியல் கைமாறவேண்டும்.

2009இல் போனதை இன்று கடனாகக் கேட்பது

வன்னியில் முதுசப் பொருள் சண்டை பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. இறுதிப் போரில் குடும்ப நகையைச் சுமந்துகொண்டு மாத்தளனும் முள்ளிவாய்க்காலும் கடந்தது ஒரு பிள்ளை. அரிசிக்கும் பால்மாவுக்கும், பிறகு மெனிக்பாம் அகதி முகாமில் மருந்துக்கும் அதை விற்றது. வெளிநாட்டில் இருந்த பிள்ளைக்கு அது தெரியாது, அல்லது பாதிதான் தெரியும். தாய் கண்மூடியபின் "அம்மாவிட்ட பதினைஞ்சு பவுண் இருந்தது" என்று கேள்வி வரும். அந்த ஒரு கேள்வி உயிரைக் காத்த பிள்ளையைக் கள்ளனாக்கிவிடும்.

பங்கு பேசத் தொடங்க முன்னரே இதைத் தனியாகப் பேசி முடியுங்கள். பட்டியலின் பின்பக்கத்தில் "இல்லாதவை" என்று ஒரு பகுதி எழுதுங்கள்: தாலிக்கொடி, 2009, விற்றது, குடும்பச் செலவு; காப்பு, வளவில் புதைத்தது, திரும்பி வரும்போது இல்லை. எல்லோரும் கையெழுத்து வையுங்கள். அந்தக் கணக்கை ஒருவர் பங்கிலும் கழிக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகத்தில் நகை வைத்த சிட்டை இருந்தால் எறியாதீர்கள். 2025 மே மாதம் இராணுவம் தன்னிடமிருந்த பொன், வெள்ளிப் பொருட்களைப் பொலிசாரிடம் கையளித்தது. நகை திரும்பும் என்று எண்ணி அதைப் பங்கில் சேர்க்கவேண்டாம். சிட்டை யாரிடம் இருக்கிறது, கிடைத்தால் எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் எழுதிவையுங்கள்.

காணாமற்போன சகோதரனின் பங்கை "அவன் இல்லைத்தானே" என்று மற்றவர்கள் எடுப்பது இன்னொரு கொடுமை. அவருடைய மனைவியை மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழை 2016இன் சட்டத்திருத்தத்தின் கீழ் பெறலாம். அவர் பங்கு மனைவி பிள்ளைகளின் பொறுப்பில் இருக்கட்டும்.

வாய்ச்சொல்லையும் செத்த அற்றோணியையும் நம்புவது

"அம்மா எனக்குத்தான் தாறன் எண்டு சொன்னவ" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நகை போன்ற அசையும் பொருளைக் கொடை செய்வதென்றால் உயிரோடிருக்கும்போதே கையில் கொடுத்திருக்கவேண்டும். "என்ரை காலத்துக்குப் பிறகு உனக்கு" என்பது உயிலில் மட்டுமே செல்லும். உயில் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன் எழுதப்படவேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஒரே நேரத்தில் ஐந்து சாட்சிகள் கூடியிருக்கவேண்டும். கொப்பியில் தனியாக எழுதிக் கையெழுத்து வைத்த தாள் உயில் ஆகாது. பங்கு பெறுபவரைச் சாட்சிக்கு நிறுத்தவேண்டாம்.

தன் சார்பில் அலுவல் பார்க்கத் தாய் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் தாயின் உயிரோடு முடிந்துவிடும். அதை வைத்து மகன் பிறகு எடுப்பது, விற்பது எதுவும் செல்லாது.

பிரிக்கக் கூடாதவை

குலதெய்வ மடைக்குரிய வேல், சூலம், சிலம்பு, உடுக்கு என்பவற்றை விலை போட்டுப் பங்கிடாதீர்கள். பூசையைத் தொடர்பவரிடம் அவை இருக்கட்டும், விற்கவோ ஊரைவிட்டுக் கொண்டுபோகவோ கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஏட்டையும் விக்கிரகத்தையும் தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் வெளிநாட்டுப் பெட்டியில் வைக்கமுடியாது.

மாடுகளைத் தலை எண்ணிப் பிரிக்கலாம், குறியைப் பிரிக்கமுடியாது. இரண்டு பேர் ஒரே குறியைச் சுட்டால் பட்டியில் கலக்கும்போது தீராத தகராறு வரும். ஒருவர் பழைய குறியை வைத்துக்கொள்ள, மற்றவர் வேறு குறி பதியட்டும். ஐயாவின் துவக்கு முதுசமாக இறங்காது. அனுமதிப்பத்திரம் அவர் பெயருக்கு மட்டும்தான், அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். பொலிசாருக்கு உடனே அறிவியுங்கள்.

குடியேற்றத் திட்டக் காணியையும் நகைப் பேச்சோடு கலக்காதீர்கள். "காணி தம்பிக்கு, நகை தங்கச்சிக்கு" என்ற ஒப்பந்தம் உறுதிக்காணிக்குச் சரிவரலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழுள்ள அனுமதிப்பத்திரக் காணி, தேசவழமைப்படி இறங்காது. உயிரோடிருக்கும் துணையின் காலத்துக்குப் பிறகு, காணிக்காரர் அடுத்த உரித்தாளியாக நியமித்த பின்னுரித்தாளிக்கே போகும். முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் யார் பெயர் நியமனத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காணிக்காரரின் இறப்பிலிருந்து, துணை இருந்தால் துணையின் இறப்பிலிருந்து, ஆறு மாதத்துக்குள் பின்னுரித்தாளி காணியைப் பொறுப்பேற்கவும் வேண்டும்.

பேசித் தீராவிட்டால் பொலிசுக்கு ஓடமுன் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் சபை அது. அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேசமாட்டார், ஆகவே பட்டியல், உறுதிப் பிரதி, விலைக் கடதாசி மூன்றையும் நீங்களே கொண்டுபோகவேண்டும். வெளிநாட்டிலுள்ள சகோதரத்துக்கு ஒவ்வொரு தாளின் படத்தையும் முன்னரே அனுப்பி, சம்மதத்தைக் கைப்பட எழுதிக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "சரி" என்றதை மட்டும் நம்பிப் பெட்டகத்தின் திறப்பை ஒருவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.