படகிலேயே தங்கி முக்குளிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவின் மத்திய அட்டோல்களை, அதாவது வளையம்போல் அமைந்த பவளத் தீவுக்கூட்டங்களை, சுற்றிவரும் லிவ்அபோர்ட் படகுகளில் முக்குளிப்பு வழிகாட்டியாக இருக்கிறேன். ஒரு வாரம் படகிலேயே உண்டு, உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை கடலில் இறங்கும் பயணம் இது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ சான்றிதழ் பெற்ற கையோடு நம்மவர்களும் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். புதிதில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசையாகச் செய்யும்போது பேசாமல் இருக்க மனம் வரவில்லை. வாந்தி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டி வேண்டாம் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயண வழியைப் பார்க்காமல் பணம் கட்டுவது

மாலத்தீவு என்றால் அசையாத நீலத் தண்ணீர் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. சுற்றுலாப் படங்களில் தெரிவது உள்கடல் மட்டும்தான். நாங்கள் இறங்கும் இடங்களில் பாதி, திறந்த கடலுக்கும் அட்டோலின் உட்புறத்துக்கும் இடையே உள்ள கால்வாய்கள். உள்ளூர் மொழியில் அவற்றைக் கந்து என்பார்கள். நீரோட்டம் அங்கே பலமாகப் பாயும். அந்த நீரோட்டத்துக்காகத்தான் சுறாக்கள் கால்வாய் வாயில் கூடுகின்றன. பல படகுகள் அட்வான்ஸ்டு சான்றிதழும் கணிசமான முக்குளிப்பு அனுபவமும் கேட்பது இதனால்தான். பதிவேட்டில் எண்ணிக்கையைக் கூட்டி எழுதிக்கொண்டு வருகிறவரை முதல் கால்வாயிலேயே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் அதற்குள் அவர் தண்ணீருக்குள் இருப்பார்.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவக்காற்றின்போது திருக்கை இனத்தின் பெரியவையான மான்டாக்கள் அட்டோல்களின் மேற்கு ஓரங்களில் இருக்கும், தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கு ஓரங்களுக்கு வந்துவிடும். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவைக் கனவு கண்டு வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அங்கே சிலிண்டருடன் இறங்க அனுமதி இல்லை, மேலே மிதந்தபடிதான் பார்க்க முடியும்.

ஒரு முக்குளிப்பைக்கூட விட மாட்டேன் என்று நிற்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் ஆறாத தவறு இது. பணம் கட்டியாகிவிட்டது, ஆகவே அட்டவணையில் உள்ள அத்தனையிலும் இறங்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம்.

படகின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று முதலில் சொல்கிறேன். விடியுமுன் எழுப்புவார்கள். அரைத்தூக்கத்தில் விளக்கக் கூட்டம். கருவிகள் ஏற்றிய தோணி தனியாகப் பக்கத்தில் நிற்கும், அதில் மாறி முதல் முக்குளிப்பு. பிறகு காலை உணவு, சிறு உறக்கம், இரண்டாவது. மதிய உணவுக்குப் பின் மூன்றாவது. சில நாட்களில் இரவிலும் ஒன்று. முதல் இரண்டு நாட்கள் உற்சாகத்தில் ஓடிவிடும். மூன்றாம் நாள் உடம்பு கணக்குக் கேட்கும். சிலிண்டர் காற்று ஈரமற்றது, அறையில் ஏசி, வெளியே வெயிலும் உப்பும். ஒருவருக்கு வந்த சளி அடுத்த நாள் பாதிப் படகுக்கு வந்துவிடும்.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் வந்திருந்தார். நல்ல நீச்சல்காரர், பொறுமையாகக் கற்றுக்கொள்கிறவர். மூன்றாம் நாள் இரவு மூக்கடைப்பு. மறுநாள் விடியற்காலையில் வாவு அட்டோலில் ஒரு கால்வாய். சாம்பல் சுறாக்களைப் பார்ப்பதற்காகவே பயணம் வந்தவர் அவர். நான் வேண்டாம் என்றேன். மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, "சரியாகிவிட்டது அண்ணா, மூச்சு நன்றாக வருகிறது" என்றார். அவர் பேச்சை ஏற்று அழைத்துக்கொண்டு போனேன்.

கால்வாயில் இறங்குவது மற்ற இடங்களைப் போன்றதல்ல. மிதவைச் சட்டையில் காற்றே வைக்காமல் குதித்து, நேராகத் தலைகீழாகக் கீழே போக வேண்டும். மேலே தயங்கி நின்றால் நீரோட்டம் கால்வாய் வாயைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். காதின் அழுத்தத்தைச் சரிசெய்து சரிசெய்து இறங்க அவகாசம் இருக்காது. காதுக்கோ அந்த முதல் பத்து மீட்டர்தான் கடுமையானது. கடல்மட்டத்தில் 1 பாராக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 பாராகிவிடும். அதற்குப் பிறகு அது மறுபடி இரட்டிப்பாக 30 மீட்டர் வரை போக வேண்டும்.

ஏழெட்டு மீட்டரில் அவருக்கு வலித்திருக்கிறது. மேலே வந்தால் குழு போய்விடும் என்ற பயத்தில், மூக்கைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் ஊதியிருக்கிறார். செவிப்பறை கிழிந்தது. கடல் நீர் நடுக்காதுக்குள் புகுந்ததும் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் என் கையைப் பற்றிக்கொண்டார். அவரை மெதுவாக மேலே கொண்டுவந்தேன். என்னை நம்பிப் பின்னால் வந்த நால்வரும் சுறாவின் வாலைக்கூடப் பார்க்காமல் மேலேறினார்கள். மீதி வாரம் முழுவதும் அவர் மேல்தளத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விமானம் ஏறுவதற்கே மருத்துவரைக் கேட்க வேண்டியதாயிற்று. அன்றைய நாளை மட்டும் விட்டிருந்தால், சளி குறைந்ததும் மீண்டும் இறங்கியிருக்கலாம்.

மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருடைய பையிலும் அது இருக்கிறது. அதன் வேகம் தண்ணீருக்கடியில் குறைந்துவிட்டால், ஏறும்போது காதில் விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. இறங்கும்போது வலித்தால் மேலே வந்துவிடலாம். ஏறும்போது அடைத்துக்கொண்டால் கீழேயே தங்கிவிட முடியாது, சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கும்.

சளி இல்லாவிட்டாலும் ஓய்வு தேவை. அடுத்தடுத்து இறங்கும்போது உடலில் நைட்ரஜன் மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும். நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நான்காம் நாள் பிற்பகல் முக்குளிப்பை விட்டுவிடுங்கள் என்று என் விருந்தினர்களிடம் சொல்வேன். கேட்கிறவர்கள் குறைவு.

தம்பதிகளாக வருகிறவர்களிடம் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். மனைவிக்குக் களைப்பாக இருக்கும். துணை இல்லாவிட்டால் கணவருக்கு முக்குளிப்புப் போய்விடுமே என்று வாய் திறக்காமல் கருவியை மாட்டிக்கொள்வார். அம்மா, தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அவரை நான் என்னோடு சேர்த்துக்கொள்கிறேன். இறங்கவில்லை என்று சொன்னதற்காக எந்த நல்ல வழிகாட்டியும் முகம் சுளித்ததில்லை.

புதிய கருவியை முதன்முதலாகப் படகில் அணிவது

வேண்டாம். ஊரில் நீச்சல் குளத்தில் போட்டுப் பாருங்கள்.

மிதவைக் குழலை உறை பிரிக்காமல் வைத்திருப்பது

மாலத்தீவில் ஒவ்வொருவரும் அடையாள மிதவையை, அதாவது தோணிக்கு இருப்பிடம் காட்ட ஊதி மேலே அனுப்பும் குழலை, வைத்திருக்க வேண்டும். எல்லோரிடமும் இருக்கும், பலருடையது கடையில் மடித்த மடிப்போடு. நீரோட்டத்தில் குழு சிதறினால் நீங்கள் ஏறும் இடம் தோணிக்குத் தெரியாது. அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை ஒருநாள் தோணிக்காரர் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலேறி முடிக்குமுன் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் நிற்கும் மூன்று நிமிட நிறுத்தத்தின்போது, உயரம் மாறாமல் நின்றபடி மிதவையை ஊதி மேலே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். நூல் ரீலில் சிக்கிக்கொண்டால் உடனே கையை விட்டுவிடுங்கள். ரீலைப் பிடித்துக்கொண்டே மேலே இழுபட்டுப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் போனால் நுரையீரல் கிழியும்.

முதல் நாள் சோதனை முக்குளிப்பில் எடையைச் சரிபார்க்காதது

நிரம்பிய அலுமினிய சிலிண்டரில் இருக்கும் காற்று மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். அது தீர்ந்து சிலிண்டர் இலேசான பிறகும், கட்டியிருக்கும் எடையோடு மேலே மிதந்து போகாமல் ஐந்து மீட்டரில் உங்களால் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அன்றே சொல்லுங்கள்.

நைட்ராக்ஸ் இருந்தால் இன்னும் ஆழம் போகலாம் என்று நம்புவது

நேர்மாறு. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று. 32 சதவீத ஆக்சிஜன் கலவையில், ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு உரிய 1.4 பார் வரம்பு ஏறத்தாழ 33 மீட்டரிலேயே வந்துவிடும். மாலத்தீவு விதிப்படி பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 30 மீட்டர்தான் எல்லை. நைட்ராக்ஸ் தருவது நேரம். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் அட்டவணையில், 30 மீட்டரில் தங்கக்கூடிய நேரம் சாதாரணக் காற்றுக்கு 20 நிமிடம் என்றால், இதற்கு ஏறத்தாழ 30.

சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போவது

2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கரையருகே கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்து, கீழ்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். தீ எதிலிருந்து தொடங்கியது என்று முடிவாகவில்லை. ஆனால் இரவில் சுற்றிப் பார்க்கும் காவல் ஆள் இல்லை என்பது விசாரணையில் உறுதியானது. கேமரா, டார்ச் பேட்டரிகளைப் பகலில், ஆள் நடமாடும் இடத்தில் சார்ஜ் செய்யுங்கள். முதல் நாளே உங்கள் அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். இரவில் யார் விழித்திருப்பார் என்று கேப்டனைக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்தப் படகில் நான் ஏற மாட்டேன்.

விமானத்தை நெருக்கிப் போடுவது

உடலில் மிச்சமுள்ள நைட்ரஜன் வெளியேற வேண்டும் என்பதால், பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர், கடைசியாக மேலேறியதிலிருந்து குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்கலாம் என்பது முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரை. நான் 24 மணி நேரம் விடச் சொல்வேன். தீவுகளுக்கு இடையே பறக்கும் கடல் விமானத்துக்கும் இதே கணக்குத்தான். கடைசி முக்குளிப்பு காலை பதினொன்றுக்கு முடிந்தால், மாலேயிலிருந்து மறுநாள் நண்பகலுக்குப் பிந்தைய விமானத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய டிக்கெட்தான் கிடைத்தது என்றால், பயணம் தொடங்கும்போதே வழிகாட்டியிடம் சொல்லி, கடைசி நாள் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.