நடிகரை மறைத்துவிட்டு விளம்பரத்தைப் படிப்பது எப்படி: ஓய்வூதியர்களுக்கு

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கத்து வீடுகளில் ஒரே விளம்பரம் இரண்டு தடவை வரும். மலையாளச் சானலில் ஒரு நடிகர், தமிழ்ச் சானலில் இன்னொருவர். விற்பது ஒன்றைத்தான்: நகைக்கடன், மூட்டுவலித் தைலம், முதியோர் மருத்துவக் காப்பீடு, தங்கச் சேமிப்பு. பணிக்கொடையும் கம்யூட்டேஷன் தொகையும் (ஓய்வூதியத்தின் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) அப்போதுதான் கைக்கு வந்திருக்கும் ஆளை மனதில் வைத்தே இவற்றை எழுதுகிறார்கள். கேரளாவில் பல்லாயிரம் அரசு ஊழியர்கள் மே 31 அன்று ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். எந்த மாதம் யார் கையில் மொத்தப் பணம் இருக்கும் என்பது விளம்பரக்காரருக்குத் தெரியாத ரகசியம் இல்லை.

"இவ்வளவு பெரிய நடிகர் தன் பேரைக் கெடுத்துக்கொள்வாரா?" என்பதுதான் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி. கேள்வியே தவறு. சீட்டுக்கு ஜாமீன் போட்டவர், எடுத்தவர் கட்டாவிட்டால் தன் கைப்பணத்தைக் கட்டியாக வேண்டும். விளம்பரத்தில் சிரிக்கிறவருக்கு அப்படி ஒரு கடமையும் கிடையாது. அவர் முகத்தை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது.

விளம்பரத்தைக் கைப்பற்றுங்கள்

டிவியில் ஓடும்போது படிக்க முடியாது. அதே விளம்பரம் பெரும்பாலும் யூடியூபில் இருக்கும். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைசி மூன்று நான்கு விநாடிகளில் அடியில் ஓடும் பொடி எழுத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பத்திரிகை விளம்பரம் என்றால் தேதியும் பதிப்பின் பெயரும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்தால் பின்னால் தேதியை நிரூபிக்க முடியாது. சாலையோரப் பலகையை, அது நிற்கும் இடம் தெரிகிற மாதிரி போனில் எடுங்கள். சர்ச்சை வந்தால் கம்பெனிகள் முதலில் செய்வது விளம்பரத்தை இறக்குவதுதான். நகல் கையில் இல்லாத புகார் பாதிப் புகார்.

மூன்று பத்தி

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். நடிகர் தன் வாயால் சொன்னது முதல் பத்தியில். பின்னணிக் குரலும் பெரிய எழுத்தும் சொன்னது இரண்டாவதில். பொடி எழுத்து மூன்றாவதில். மாதிரிக்கு ஒரு காப்பீட்டு விளம்பரத்தை நாமே எழுதிப் பார்ப்போம்.

நடிகர் பூங்காவில் நடந்தபடி சொல்கிறார்: "அறுபதுக்கு மேலதான் வாழ்க்கையே. என் நம்பிக்கை இதுல." குரல்: "முதியோருக்கு 5 லட்சம் காப்பீடு. மாதம் 899 ரூபாய் முதல்." பொடி எழுத்து: "பிரீமியம் 30 வயது நபருக்கானது. 20 சதவீத கோ-பே. முன்பே உள்ள நோய்களுக்கு 36 மாதக் காத்திருப்பு."

முதல் பத்தியில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. அது தற்செயல் அல்ல; வக்கீல் பார்த்துத் திருத்திய வசனம். எண்கள் இரண்டாம் பத்தியில் வருகின்றன, மூன்றாம் பத்தி அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 899 ரூபாய் உங்கள் வயதுக்கு இல்லை. கோ-பே என்பது பில்லில் நீங்கள் ஏற்கும் பங்கு; ஆஸ்பத்திரி பில் 2 லட்சம் வந்தால் 40,000 உங்கள் கையிலிருந்து போகும். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறவருக்கு, அது சார்ந்த சிகிச்சைக்கு மூன்று வருடம் பாலிசி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழ் வடிவத்துக்கு ஒரு தாள், மலையாள வடிவத்துக்கு ஒரு தாள் என்று எழுதி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இருக்கும் எண் மற்றதில் இல்லையென்றால், ஏஜெண்டிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நகை விளம்பரத்தில் இது அடிக்கடி உதவும். இங்கே "சேதாரம் இல்லை" என்பார்கள், அங்கே "பணிக்கூலி" ஒரே சதவீதமாக வரும். இரண்டிலும் தலையை விடாமல், ஒரு பவுனுக்கு ஜிஎஸ்டி உட்பட மொத்தம் எவ்வளவு என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.

பொடி எழுத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குறுதி தருகிறதோ அதே மொழியில்தான் பொறுப்புத்துறப்பும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதுவாகவே இருக்க வேண்டும். தவறான வாக்குறுதியைப் பொடி எழுத்தால் சரிக்கட்டவும் கூடாது. தமிழில் வாக்குறுதி, ஆங்கிலத்தில் நிபந்தனை என்றால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம்.

நகைக்கடன்

"மாதம் 75 காசு வட்டி முதல்" என்றால் நூற்றுக்கு மாதம் 75 காசு, ஆண்டுக்கு 9 சதவீதம். கவனிக்க வேண்டியது "முதல்" என்பதை. அந்த வட்டி பெரும்பாலும் கிராமுக்கு மிகக் குறைவாகக் கடன் தரும் திட்டத்துக்கு. அதுவும் வட்டியை மாதாமாதம் கட்டினால்தான். சில கம்பெனிகள் உயர்ந்த வட்டியைக் கணக்கில் எழுதிவைத்து, தவறாமல் கட்டுகிறவருக்கு ரிபேட், அதாவது வட்டித் தள்ளுபடி, தருகின்றன. கல்ஃபிலிருந்து மகன் அனுப்பும் பணம் தாமதமாகி ஒரு தவணை தவறினால் ரிபேட் போய், அந்த உயர்ந்த வட்டி திரும்பிவிடும். 1 லட்சத்துக்கு ஆறு மாதத்தில் 9 சதவீதம் என்றால் 4,500 ரூபாய். 24 சதவீதம் என்றால் 12,000.

கிளையில் உட்கார்ந்து நான்கு விஷயம் கேளுங்கள். மூன்று மாதம் கட்டாவிட்டால் வட்டி எவ்வளவு ஆகும்? மதிப்பீட்டுக் கட்டணம், மற்ற கட்டணங்கள் என்னென்ன? பாதிப் பணம் கட்டிப் பாதி நகையை மீட்க முடியுமா? ஏலத்துக்கு எத்தனை நாள் முன்பு, எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் வரும்? கடைசிக் கேள்வி முக்கியம். ஆதாரில் பழைய விலாசம் இருந்தால் நோட்டீஸ் அங்கேதான் போகும். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். விளம்பரத்து எண்ணை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். தாள் தர மறுக்கும் கிளையில் நகையைக் கொடுக்காதீர்கள்.

டெபாசிட், கடன் பத்திரம், தங்கச் சேமிப்பு

அளவுகோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் தருகிறது. உச்ச வரம்பான 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். 56 வயதில் ஓய்வு பெறும் கேரள அரசு ஊழியருக்கும் இதில் இடமுண்டு. ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். பலர் இதைத் தவறவிட்டுவிட்டு, நடிகர் சொன்ன கடன் பத்திரத்தில் போடுகிறார்கள்.

இந்த அளவுக்கு மேல் ஒருவர் தருவதாகச் சொல்லும் ஒவ்வொரு சதவீதமும் நீங்கள் ஏற்கும் அபாயத்துக்கான கூலி. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்துக்கு அது கிடையாது, கவுண்டரில் இருப்பவர் அதை "எஃப்டி மாதிரிதான்" என்று சொன்னாலும்.

கம்பெனியாகப் பதிவான நகைக்கடை, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் நகையாகக் கொடுக்காவிட்டால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும். 11 மாதச் சீட்டு வழக்கமானது இதனால்தான். அதைத் தாண்டிப் போகும் திட்டம், நகை வேண்டாம் பணமாகவே லாபம் என்று சொல்லும் திட்டம், இரண்டையும் தள்ளி வையுங்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸின் தங்கத் திட்டங்கள் 2023இல் சரிந்தபோது, அதன் விளம்பரத் தூதராக இருந்த நடிகரை அமலாக்கத் துறை விசாரணைக்கு அழைத்தது. பணம் போட்டவர்கள் போக வேண்டியிருந்தது பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு.

தைலமும் லேகியமும்

சர்க்கரை, ரத்த அழுத்தம், வாதம், கண்புரை, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். யார் சொன்னாலும் குற்றம்தான். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தச் சட்டத்தின் கீழ் நிறைய வழக்குகள் போடுகிறது.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருந்தால் அது உணவுப் பொருள், மருந்து அல்ல. நோயைக் குணமாக்கும் என்று அது சொல்லவே கூடாது. ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் படம் எடுத்து வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த விளம்பரங்களால் நேரும் பெரிய கேடு பொருளின் விலை அல்ல, அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதுதான்.

முதியோர் குடியிருப்பு

முதியோர் குடியிருப்புகள் வாளையார், பாலக்காடு, கோவைப் பக்கம் நிறைய வருகின்றன. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. எண்ணை அந்தந்த மாநில ரெரா தளத்தில் போட்டுப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

போனில் வரும் நடிகர் நடிகரே இல்லை

2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் முகத்தையும் குரலையும் வைத்து ஒரு செயலிக்குப் போலி விளம்பரம் வந்தது; அவரே அதை மறுத்தார். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெயரிலும் முதலீட்டு வீடியோக்கள் சுற்றின. இங்கே ஒரு சுலபமான வடிகட்டி இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் தனிப்பட்ட கம்பெனிக்கோ திட்டத்துக்கோ பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்ய, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அனுமதிப்பதில்லை. துறை முழுமைக்குமான பொது விளம்பரத்தில் மட்டுமே அவர்கள் வரலாம். ஆகவே ஒரு நடிகரோ கிரிக்கெட் வீரரோ ஒரு குறிப்பிட்ட ஃபண்டில் போடச் சொன்னால், வீடியோ போலி அல்லது விதிமீறல். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வேண்டும், அதனால் முதல் சில மணி நேரமே முக்கியம். வெட்கப்பட்டு மகனிடம் சொல்ல ஒரு நாள் தள்ளிப்போடுவதால்தான் நிறையப் பணம் போகிறது.

புகார் எங்கே, யார் மீது

விளம்பரம் பொய் என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 போதும். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி கொச்சியில் இருக்கிறது, திருச்சூரில் இருக்கிறது என்று அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு.

காப்பீட்டுப் புகார் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் போக வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். உங்கள் வீடு இருக்கும் இடமோ பாலிசி எடுத்த கிளை இருக்கும் இடமோ, எதை வைத்தும் போகலாம். திருவனந்தபுரம் கிளையில் எடுத்த மார்த்தாண்டத்துக்காரருக்குக் கொச்சி, சென்னை இரண்டும் திறந்திருக்கின்றன. புதிதாக எடுத்த பாலிசி பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கையில் வந்த அன்றே தேதியை உறையில் எழுதி வையுங்கள்.

நடிகரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொய் விளம்பரத்தில் தோன்றியவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. சரிபார்த்துத்தான் நடித்தேன் என்று காட்டினால் அவர் தப்பிக்கவும் வழியுண்டு. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றம் தாத்ரி முடி க்ரீம் வழக்கில் கம்பெனிக்கும் நடிகர் அனூப் மேனனுக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் விதித்தது. தான் அந்தக் க்ரீமைப் பயன்படுத்தியதில்லை என்று நடிகரே ஒப்புக்கொண்டிருந்தார். தொகை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அதனால் உங்கள் தாளின் முதல் பத்தியில், நடிகர் வாயால் சொன்னதாக, "நான் பயன்படுத்தினேன்", "எனக்குக் குணமானது", "இத்தனை சதவீதம்" என்பது போல் சரிபார்க்கக் கூடிய வாக்கியம் ஒன்றாவது இருந்தால் சேருங்கள். வெறும் நம்பிக்கை, குடும்பம், பாரம்பரியம் என்றுதான் இருக்கிறதென்றால் அவரை விட்டுவிட்டுக் கம்பெனியையும் விற்ற கிளையையும் மட்டும் சேருங்கள். ஒரு தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேரக் காத்திருக்கும் மாதங்களாவது மிஞ்சும்.