தெருப் பூங்காவைச் சீராக்குவது எப்படி: ஓர் உடற்கல்வி ஆசிரியை சொல்கிறேன்

உங்கள் தெருவில் பூங்கா இருந்தும் பிள்ளைகள் அங்கே ஆடுவதில்லை என்றால், உடனே மனு எழுத உட்காராதீர்கள். முதலில் ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் அங்கே போய் இருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு நாள், பள்ளி விட்டதும் நாலரைக்கு ஒரு நாள், விளக்கு போடும் நேரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மதியம் ஒரு முறை. யார் வருகிறார்கள், எந்த மூலையில் உட்காருகிறார்கள், யார் கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பூங்காவைக் கூட்டுகிற அக்காவிடம் கட்டாயம் பேசுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும், பாட்டில்கள் எந்த இடத்தில் கிடக்கும், குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

நான் டெல்டா பக்கத்தில் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடியிருப்புப் பூங்கா பதினெட்டு சென்ட். இப்படிக் குறித்துப் பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: காலையில் நடைக்கு வரும் பெரியவர்கள் நிறைய, மாலையில் பையன்களின் கிரிக்கெட், பத்து வயது தாண்டிய பெண் பிள்ளை ஒருத்திகூட இல்லை. காரணத்தை அவர்களிடமே கேட்டோம். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, கிழக்கு மூலை இருட்டு, கேட்டை அடைத்துக்கொண்டு பைக் நிற்கிறது என்றார்கள். ஊஞ்சல் வேண்டும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பூங்கா மேம்பாடு என்றாலே கருவி வாங்கிப் போடுவது என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் வரிசை வேறு. நிலம், நிழல், தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம். இவை சரியான பிறகுதான் கருவி.

அடுத்து நிலத்தின் காகிதம். இதைத் தவிர்த்துவிட்டு எதைக் கேட்டாலும் வேலை பாதியில் நிற்கும். மனைப்பிரிவு போடும்போது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை உரிமையாளர் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்குப் போக வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதற்குப் பதில் பணம் கட்ட முடியாது, நிலத்தையேதான் ஒப்படைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்குங்கள். பூங்காவின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பதிவாகவில்லை என்றால் அதுதான் உங்கள் முதல் கோரிக்கை. உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாத இடத்தில் பொறியாளர் மதிப்பீடு போடத் தயங்குவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நகல் கேட்டும் கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் விண்ணப்பம் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கேள்விகளைச் சின்னதாக வையுங்கள்: பூங்காவின் பரப்பு எவ்வளவு, பராமரிப்பு யாரிடம், கடந்த மூன்று ஆண்டில் இதற்குச் செலவழித்த தொகை எவ்வளவு, பணி ஆணையின் நகல் வேண்டும். அந்தக் கடைசி நகல் மிக முக்கியம். ஒப்பந்ததாரர் என்னென்ன செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார், வாரம் எத்தனை முறை தண்ணீர் விட வேண்டும், எத்தனை ஆள் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் புதிதாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, எழுதியிருப்பதைச் செய்ய வைத்தாலே பாதிப் பூங்கா திரும்பிவிடும்.

யாராவது பூங்கா நிலத்தில் வேறு கட்டடம் எழுப்பப் பார்த்தால், தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் என்று 1959-லிருந்தே ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மனுவில் அதைக் குறிப்பிட்டால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி மனு. “பூங்காவைச் சீரமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். பொருள், அளவு, இடம் மூன்றையும் எழுதுங்கள். “கிழக்கு மதிலோரம் விளக்குக் கம்பம் இரண்டு. கழிப்பறைக்குக் கதவு ஒன்று, தண்ணீர் இணைப்பு ஒன்று. தென்மேற்கு மூலையில் மழைநீர் தேங்கும் இடத்தில் உறிஞ்சுகுழி ஒன்று.” இப்படி ஒரே பக்கம். கூடவே தேதி போட்ட புகைப்படம், கையால் வரைந்த ஒரு வரைபடம். கையெழுத்தில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்களும் இருக்கட்டும். நலச்சங்க நிர்வாகிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது நாலு பேரின் ஆசையாகத்தான் தெரியும். ஆணையரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், ஒரு நகல் வார்டு உறுப்பினருக்கு. நகரங்களில் இப்போது பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. அங்கே எழுந்து நின்று கோரிக்கையை வாசித்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நகராமல் கிடந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பணத்துக்கு வழி பல. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி இரண்டிலும் பூங்கா வேலை கேட்கலாம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. பக்கத்தில் ஆலையோ வங்கிக் கிளையோ இருந்தால் அவர்களும் அந்தப் பங்கை ஏற்கலாம். வசூல் செய்யும்போது ஏழை வீட்டிலும் பத்து ரூபாயாவது வாங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். பணம் கொடுக்காத வீட்டுப் பிள்ளையும் தலைநிமிர்ந்து உள்ளே வர வேண்டும்.

என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. பூங்காவில் ஒன்றும் வைக்காத வெறும் தரை கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். எட்டு வடிவ நடைபாதை, செயற்கை நீரூற்று, சிமெண்ட் மான், உடற்பயிற்சிக் கருவிகள் என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் பிள்ளைகள் ஓட இடமில்லாமல் போகிறது. ஆண்கள் கபடித் தளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. பெரிய தளத்தைப் போட்டுச் சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டாலும் ஆறு சென்ட்டுக்குள் முடிந்துவிடும். வளையப்பந்துக்கு இன்னும் குறைவு. கைப்பந்துத் தளம் 18-க்கு 9. நம் தஞ்சாவூர் மண்ணில் பிறந்த பூப்பந்துக்கு 24-க்கு 12 வேண்டும், இடம் இருந்தால் அதைப் போடுங்கள், ஐந்து பேர் ஓர் அணி, செலவும் குறைவு. ஒரே தரையில் இரண்டு விளையாட்டுக்குக் கோடு போடலாம். தரையில் சிமெண்டும் டைல்ஸும் வேண்டவே வேண்டாம். செம்மண்ணைச் சலித்து, மணல் கலந்து, தண்ணீர் தெளித்து உருளை விட்டால் போதும். விழுந்தாலும் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும்.

எங்கள் பூங்காவில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை அந்தத் தரை பெண் பிள்ளைகளுக்கு என்று பேசி முடித்தோம். “அப்ப நாங்க எங்க டீச்சர் போறது?” என்று பையன்கள் கேட்டார்கள். “ஆறரைக்கு மேல உங்களுக்குத்தான்டா. விளக்கு வாங்கினதே அதுக்குத்தானே” என்றேன். இப்போது சுண்ணாம்பில் கோடு போடுவது அந்தப் பையன்கள்தான். உங்கள் ஊரில் நேரம் வேறாக இருக்கலாம், ஆனால் நேரத்தை வாய்ப்பேச்சில் விடாமல் கேட்டில் பலகையாக எழுதி மாட்டுங்கள். மதியம் முழுக்கப் பூங்காவைப் பூட்டி வைக்கும் பழக்கத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சின்ன வீட்டில் மின்விசிறி போதாமல் தவிக்கிறவர்களுக்கு மரத்தடி தேவைப்படும் நேரம் அதுதான்.

மரம் என்றதும் அழகுக்கு நடாதீர்கள். புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு, நாவல், நீர்மருது எல்லாம் நம் மண்ணையும் காற்றையும் தாங்குபவை. 2018 கஜா புயலில் எங்கள் பக்கம் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவள் நான். வேலிக்கு அடர்த்தியாக வளரும் என்று கோனோகார்பஸைப் பரிந்துரைப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது, பின்னர் தமிழ்நாடும் தடை செய்தது. மேற்கு ஓரத்தில் முதலில் நடுங்கள், ஆட்டம் நடக்கும் மாலை வெயிலை அதுதான் மறைக்கும். உதிரும் இலையை எரிக்காமல் ஒரு மூலையில் உரக்குழி போடச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கருவி. வந்து இறங்கும் நாளில் அளவுநாடாவோடு நில்லுங்கள். ஏணியிலோ தடுப்புக் கம்பியிலோ உள்ள இடைவெளி 89 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கலாம், 230-க்கு அதிகமாக இருக்கலாம், நடுவில் இருக்கக் கூடாது. அந்த நடு அளவில்தான் சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். ஊஞ்சலுக்கு, அது தொங்கும் கம்பியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னாலும் அதே அளவு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் வேண்டாம். பலகை இரும்பாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள், ரப்பர்ப் பலகை நெற்றியில் பட்டாலும் பிளக்காது. சறுக்குமரம் மேற்கு பார்த்தோ தெற்கு பார்த்தோ வெட்டவெளியில் நின்றால் சித்திரையில் தொடை வெந்துவிடும், மர நிழலில் வடக்கு பார்த்து வையுங்கள். கருவிகளின் கீழே கழுவிய மணல் ஓர் அடி ஆழம். அந்த மணலை மாதம் ஒரு முறை கிளறிவிட வேண்டும், இறுகிப்போன மணலில் விழுவதும் கல்தரையில் விழுவதும் ஒன்றுதான். நாய்கள் அசுத்தம் செய்யாமல் சுற்றிலும் தடுப்பு வைத்தால் நல்லது.

சக்கர நாற்காலியை மறந்துவிடாதீர்கள். பைக் நுழையக் கூடாதென்று கேட்டில் வைக்கும் வளைவுக் கம்பிதான் பல பூங்காக்களில் மாற்றுத்திறனாளியை வெளியே நிறுத்துகிறது. கம்பங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் விடுங்கள். படி இருந்தால் பக்கத்தில் சரிவுப் பாதை, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை திறந்தார்கள், கடலைப் பக்கத்தில் போய்ப் பார்க்க அவ்வளவு பேர் காத்திருந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைய, மறுபடி சரிசெய்தார்கள். எங்கள் தெருவில் போலியோவால் நடக்க முடியாத பெரியவர் ஒருவர் சரிவுப் பாதை வந்த பிறகு தினமும் கபடிக்கு நடுவராக உட்காருகிறார்.

வேலை முடிந்ததும் திறப்பு விழாவோடு கலைந்துவிடாமல் மூன்று பேர் பொறுப்பெடுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். காவலாளி அறையில் ஒரு பதிவேடு வையுங்கள். மாதம் ஒரு முறை ஊஞ்சல் கொக்கிக்கு மசகு, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று கை வைத்து ஆட்டிப் பார்ப்பது, விளக்கு, கழிப்பறைத் தண்ணீர், எல்லாவற்றையும் அதில் தேதியோடு எழுதுங்கள். பணி ஆணையில் ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்று இருக்கும். அது முடியும் தேதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் பூங்காவை முழுக்கச் சுற்றி, உடைந்தது, துருப்பிடித்தது, பெயர்ந்தது அத்தனையையும் பட்டியல் போட்டுப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்குள் கொடுத்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தேதி தாண்டிவிட்டால் ஒரு கொக்கிக்குக்கூட மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று மறுபடி முதலிலிருந்து போக வேண்டியிருக்கும்.